எடுத்து வைப்பதும் விளையாட்டில் சேர்த்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளைப் பொம்மைகளை எடுத்து வைக்கப் பழக்குவது எப்படி என்று ஒரு பக்கம் வந்திருந்தது. எடுத்து வைத்தால் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர், பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு சாக்லேட், எடுத்து வைக்காவிட்டால் அன்றைக்கு டி.வி.யும் கிடையாது செல்போனும் கிடையாது என்று போட்டிருந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாலர் பள்ளியில் பல வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள், இப்போது வீட்டில் பேரப் பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் இந்த வழி சரிவராது என்று சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளமாகத்தான் போகும். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால் கொலுவைப் பற்றியும் துடைப்பத்தைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

சாக்லேட் கொடுத்தால் பிள்ளை எடுத்து வைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. முதல் வாரம் ஓடி ஓடி எடுத்து வைக்கும். அப்புறம் "எத்தனை ஸ்டார் தருவே?" என்று பேரம் ஆரம்பிக்கும். அதற்கும் அப்புறம் ஒரு நாள் "எனக்கு இன்னைக்கு சாக்லேட் வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும், அதன் பிறகு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கூலி பேசிக் கொடுக்கிறோம் என்றாலே, இது கூலி இல்லாமல் யாரும் தொடாத வேலை என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் பெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரண்டு பேர் ஒன்றரை வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒருவர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், கையிலிருந்த கிளிப் கீழே விழுந்துவிடுகிறது, குனிந்து எட்டாமல் கையை நீட்டுகிறார். இன்னும் ஒழுங்காகப் பேசக்கூட வராத பிள்ளை தானாக நடந்து போய்க் கிளிப்பை எடுத்து அவர் கையில் கொடுக்கிறது. யாரும் கேட்கவில்லை, கொடுத்த பிறகு நன்றிகூடச் சொல்லவில்லை. இது போன்ற பல சூழ்நிலைகளை வைத்துப் பார்த்ததில் 24 பிள்ளைகளில் 22 பேர் ஒன்றிலாவது உதவியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து 2008-ல் அதே இரண்டு பேர் இன்னொன்றையும் பார்த்தார்கள். உதவி செய்த பிள்ளைகளில் சிலருக்கு ஒவ்வொரு முறையும் கைமேல் ஒரு விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் மட்டும் பாராட்டினார்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தால், பரிசு வாங்கிப் பழகிய பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆக, எடுத்துக் கொடுக்க வேண்டும், கூட வந்து செய்ய வேண்டும் என்கிற ஆசை பிள்ளையிடம் முதலிலேயே இருக்கிறது. வீட்டில் பாருங்களேன். நீங்கள் கீரை ஆய உட்கார்ந்தால் முறத்தில் கை போடும், பட்டாணி உரித்தால் பாதியை வாயிலும் பாதியைத் தரையிலும் போடும், வீடு கூட்ட ஆரம்பித்தால் துடைப்பத்தின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு "நானு, நானு" என்று அழும். நாம் என்ன செய்கிறோம்? "போ கண்ணு, போய் விளையாடு, அம்மாவுக்கு வேலை இருக்கு" என்று அனுப்பிவிடுகிறோம், அல்லது கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு வயதில் ஆசையாக வந்த பிள்ளையை விரட்டிவிட்டு, எட்டு வயதானதும் "ஒரு வேலை செய்யுதா பார், உடம்பு வளையுதா பார்" என்று திட்டுவது என்ன நியாயம்? பார்பரா ரோகோஃப் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெக்சிகோவிலும் குவாதமாலாவிலும் பழங்குடி வழி வந்த குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே சின்னப் பிள்ளை வேலைக்குள் நுழைந்தால் துரத்துவதில்லை, வேலை கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள், அதனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு யாரும் சொல்லாமலேயே கூடமாட வேலை செய்கிறார்கள். நம் கிராமத்து வீடுகளிலும் இதுதான் வழக்கமாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தைப் பிள்ளையிடம் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

சரி, கொலுவுக்கு வருகிறேன். ஒரு நாளும் தன் பிளாக்ஸை எடுத்து வைக்காத பிள்ளை நவராத்திரிக்கு முந்தின நாள் என்ன பாடு படுகிறது என்று கொலு வைக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும்போதே பக்கத்தில் வந்து நின்றுவிடும். பழைய செய்தித்தாளைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொரு பொம்மையாக வெளியே எடுக்கும், ஈரத்துணி போட்டுத் துடைக்கும், தசாவதார செட்டில் மச்சத்துக்கு அடுத்து கூர்மமா வராகமா என்று அண்ணனோடு சண்டை போடும், செட்டியார் பொம்மைக்கு முன்னால் குட்டிக் குட்டிக் கிண்ணத்தில் அரிசியும் பருப்பும் கொட்டிக் கடை போடும், தட்டில் மண் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவிப் பார்க் செய்யும். மணிக்கணக்கில் நடக்கிற இந்த வேலை முழுவதும் வேறென்ன? எடுப்பது, துடைப்பது, இனம் பிரிப்பது, அதனதன் இடத்தில் வைப்பது. அத்தனையும் ஒழுங்கு செய்கிற வேலைதான். யாரும் சாக்லேட் தருவதாகச் சொல்லவில்லை, யாரும் டி.வி.யை அணைப்பதாக மிரட்டவில்லை.

ஏன் அங்கே மட்டும் பிள்ளை விரும்பிச் செய்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்று, வீட்டில் பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து செய்கிறார்கள், யாரும் சோபாவில் உட்கார்ந்துகொண்டு "எடுத்து வை" என்று குரல் கொடுப்பதில்லை. இன்னொன்று, ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு படி இருக்கிறது, கலசம் எங்கே மரப்பாச்சி எங்கே என்று ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு பிள்ளைக்கும் தெரியும். அப்புறம், வைத்து முடித்ததை நாலு பேர் வந்து பார்க்கிறார்கள், "இந்தக் கடையை யார் வெச்சது?" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது முடிக்கிற விதம்தான். விஜயதசமி அன்று ராத்திரி ஆரத்தி எடுத்து, பாட்டுப் பாடி, ஒரு பொம்மையைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். மறுநாள் எல்லாவற்றையும் திரும்பக் கட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். எடுத்து வைக்கிற வேலைக்குக்கூட ஒரு மரியாதையான சடங்கு வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். அது பண்டிகையின் கடைசிப் பாகம், பண்டிகை முடிந்த பிறகு வருகிற தண்டனை இல்லை.

கொலு எல்லார் வீட்டிலும் வைப்பதில்லை என்பது தெரியும். கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளும் இதே ஆசையோடுதான் வைக்கோலைப் பரப்பி ஆட்டுக்குட்டியையும் இடையரையும் இடம் பார்த்து நிறுத்துகிறார்கள். ஆயுத பூஜைக்குத் தன் சைக்கிளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்காத பையன் உண்டா? வருடம் முழுக்கச் சேறு அப்பிக் கிடந்த அதே சைக்கிள்தான்.

இதையே தினமும் சின்ன அளவில் செய்யலாம். வகுப்பில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். மதியம் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் "பொம்மைக்கெல்லாம் தூக்கம் வந்துடுச்சு" என்று சொல்வேன், பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கூடையில் படுக்க வைப்பார்கள், சில பேர் தட்டிக்கொடுத்துத் தாலாட்டும் பாடுவார்கள். பொம்மையைத் தூங்க வைப்பதில் விருப்பமில்லாத பிள்ளைகளுக்குப் பஸ் இருக்கிறது. கடைசி டிரிப் முடிந்து பஸ்ஸெல்லாம் டிப்போவுக்குத் திரும்புகிற நேரம், டிப்போ என்பது செவ்வகமாக ஒரு ஷூ டப்பா, ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும். பிளாக்ஸை லாரியில் லோடு ஏற்றி, அலமாரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் இறக்க வேண்டும். இதில் நேரம் கூடத்தான் ஆகும். அவசரமாக நாமே வாரிப் போட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும், பிள்ளை லோடு ஏற்றி இறக்கினால் கால் மணி நேரம். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் பிள்ளைக்கு விளையாட்டு நேரம்தானே, எங்கே போகப் போகிறது?

வீட்டில் செய்வதற்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். சின்னச் சின்னச் சாமான்களை, சொப்பு, பிளாக்ஸ், கோலிக்குண்டு இந்த மாதிரி உருண்டு ஓடுகிறதையெல்லாம், ஒரு பழைய சேலையை விரித்து அதன் மேல் வைத்து விளையாட விடுங்கள். முடிந்ததும் நாலு மூலையையும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். எல்லாம் சலசலவென்று நடுவில் வந்து சேரும், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை கொட்டித் தூக்கலாமா என்று கேட்பார்கள். கேட்டால் விடுங்கள். சமையல் நேரம் என்றால் குக்கரை வைத்துவிட்டு, மூன்றாவது விசில் வருவதற்குள் கூடம் காலியாகுமா என்று கேளுங்கள். அண்ணன் தம்பிக்குள் யார் முதலில் என்று போட்டி வைக்க வேண்டாம், எப்போதும் பெரியவன்தான் ஜெயிப்பான், சின்னவன் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். குக்கரோடு போட்டி என்றால் இரண்டு பேரும் ஒரே கட்சி.

"எல்லாத்தையும் எடுத்து வை" என்பது நாலு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற வாக்கியமே இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவில் நின்று விழிக்கும், நாம் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வோம். "காரெல்லாம் நீ, சொப்பெல்லாம் நான்" என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். சிவப்பு நிறத்தில் இருப்பதையெல்லாம் முதலில் எடு, பிறகு மஞ்சள் என்று சொன்னால் நிறமும் படித்தது போல ஆகும். துவைத்த துணியில் சாக்ஸுக்கு ஜோடி தேடச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளையே உட்கார்ந்து தேடும். ஏழெட்டு வயதுக்கு மேல் இந்த வேஷமெல்லாம் எடுபடாது, அவர்களிடம் தங்கள் புத்தக அலமாரியை எப்படி அடுக்குவது என்று முடிவெடுக்கிற உரிமையையே கொடுத்துவிட வேண்டும், உயரப்படி அடுக்கினால் என்ன, நிறப்படி அடுக்கினால் என்ன, நமக்கென்ன நஷ்டம்.

இன்னொன்று. விளையாட்டின் நடுவில் போய்க் கலைக்கச் சொல்லாதீர்கள். பாதி கட்டிய வீடு, பாதி போட்ட ரயில் பாதை இதையெல்லாம் நாளைக்கும் தொடரட்டும் என்று விட்டுவிடலாம். ஒரு பாயைக் கொடுத்து, பாய்க்குள் இருப்பது அப்படியே இருக்கலாம், வெளியே இருப்பது கூடைக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை ஒத்துக்கொள்ளும். தன் வேலையை நாம் மதிக்கிறோம் என்று தெரிந்தால்தான் நம் பேச்சையும் அது மதிக்கும்.

அடுத்தது அலமாரி. இத்தாலி நாட்டுக் கல்வியாளரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6-ம் தேதி ரோமில் சான் லொரென்சோ என்கிற ஏழைக் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே சாமான்களை ஒரு பெரிய அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார், ஆசிரியைதான் வாங்கி வைப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டு, வருவதற்கும் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியைக்குத் திருட்டு என்று கோபம். மாண்டிசோரி வேறு விதமாகப் பார்த்தார். எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அப்படியானால் பூட்டு எதற்கு? பிறகுதான் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற தாழ்வான திறந்த அலமாரிகள் வந்தன. எடுத்ததை அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சாமான் ஒன்றுதான் இருக்கும், அடுத்த பிள்ளை அதற்காகக் காத்திருக்கும். காரணம் அவ்வளவுதான், அது மூன்று வயதுக்கே விளங்கும். அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னைக்கே வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் போனதில் கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தார். இவ்வளவு பக்கத்தில் நடந்த விஷயம் இது.

ஆனால் இன்றைக்கும் எத்தனையோ பள்ளிகளிலும் அங்கன்வாடி மையங்களிலும் விளையாட்டுச் சாமான்கள் இரும்பு பீரோவுக்குள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஆசிரியைகள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றிய பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ யார் பதில் சொல்வது என்கிற பயம். இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-ல். 2019-ல் தமிழ்நாட்டில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் வந்தன. மையங்கள் வந்தாயிற்று, பொம்மைகளும் வந்தாயிற்று. பிள்ளை விளையாடித் தேய்ந்த பொம்மைக்கு யாரிடமும் விளக்கம் கேட்கப்பட மாட்டாது என்று மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்தால் பீரோ திறக்கும். எடுக்கவே விடாத பொருளைத் திரும்ப வைக்கப் பிள்ளை எங்கே போய்க் கற்றுக்கொள்ளும்?

வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அலமாரி, இறுக்கமான மூடி போட்ட டப்பா, எல்லாவற்றையும் கலந்து கொட்டி வைத்த ஒரு பெரிய டப். கீழ்த்தட்டு ஒன்றைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். மூடியில்லாத சின்னக் கூடைகள், ஸ்வீட் டப்பாக்கள் போதும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு டப்பாவின் மேல் படம் ஒட்ட வேண்டும், அதற்கு உங்கள் பேப்பரில் வருகிற விளம்பரத்திலிருந்து ஒரு காரையும் ஒரு கிண்ணத்தையும் வெட்டினாலே ஆயிற்று. வெட்டி ஒட்டுவதைப் பிள்ளையே செய்தால் இன்னும் நல்லது.

சாமான்களும் அதிகமாகிவிட்டன. பிறந்தநாளுக்குப் போனால் ரிட்டன் கிஃப்ட், சிப்ஸ் பாக்கெட்டோடு ஒரு பொம்மை, ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு மாமாவும் ஒரு கார். அமெரிக்காவில் டொலேடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2018-ல் வந்தது, 16 பொம்மைகள் இருந்தபோது இருந்ததைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். பாதியைக் கட்டிப் பரண்மேல் போடுங்கள், அடுத்த மாதம் இதை ஏற்றி அதை இறக்குங்கள். பழைய பொம்மை திரும்பி வரும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எடுத்து வைக்கிற வேலையும் பாதியாகக் குறைந்துவிடும்.

பேச்சும் முக்கியம். 1975-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் சிகாகோவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் மில்லர், பிரிக்மன், போலன் என்ற மூவர் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஒரு வகுப்பில் சுத்தமாக இருக்க வேண்டும், குப்பை போடக் கூடாது, அதனால் இன்னின்ன நன்மை என்று தினமும் அறிவுரை. இன்னொரு வகுப்பில் அறிவுரையே இல்லை, நீங்கள் சுத்தமான பிள்ளைகள், உங்கள் வகுப்பு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். பிறகு மிட்டாய் கொடுத்துக் காகிதத்தை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தால், அறிவுரை கேட்ட வகுப்பைவிடச் சுத்தமான பிள்ளைகள் என்று பெயர் வாங்கிய வகுப்பு நன்றாகச் செய்தது, சில நாள் கழித்துப் பார்த்தபோதும் அது மாறவில்லை. நம் வீடுகளில் என்ன பெயர் வைக்கிறோம்? சோம்பேறி, எருமை, வீட்டைக் குப்பைமேடாக்கப் பிறந்தவன். தினமும் அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை அந்தப் பெயருக்குத் தகுந்தபடிதான் நடந்துகொள்ளும். பொய்யாகப் புகழ வேண்டியதில்லை, இன்றைக்குச் செருப்பை ஜோடியாக வைத்திருந்தால் அதைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும்.

பையன்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். நான் பார்த்த வரையில் மூன்று வயதில் பையனுக்கும் பெண்ணுக்கும் துடைப்பத்தின் மேல் ஒரே ஆசைதான். ஆறு வயதில் பெண்ணிடம் "தம்பி பொம்மையையும் எடுத்து வெச்சிடு பாப்பா" என்கிறோம், பையனிடம் "நீ போய்ப் படிடா" என்கிறோம். நன்றாகச் செய்கிற பெண்ணைப் "பொறுப்பானவ" என்று மெச்சுகிறோம், அதே வேலையை ஆசையாகச் செய்கிற பையனைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் "என்னடா பொம்பளை மாதிரி" என்று கேலி செய்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையோடு அவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுகிறான். இதன் விளைவு மத்திய அரசு எடுத்த 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இருக்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால்தான் இந்த 97, கையே வைக்காதவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். இந்த வித்தியாசம் கல்யாணத்துக்குப் பிறகு வருவதில்லை, சொப்பு சாமானைத் தங்கை மட்டும் எடுத்து வைத்த நாளிலிருந்து வருகிறது.

பள்ளிக்கூடத்தில் செய்யலாமே, ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்களே என்று பலர் எழுதுகிறார்கள். உண்மைதான். அங்கே பெரும்பாலான பள்ளிகளில் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கி எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து வகுப்பு, நடைபாதை, பல இடங்களில் கழிப்பறை வரைக்கும் சுத்தம் செய்கிறார்கள், ஆசிரியர்களும் சேர்ந்துகொள்கிறார்கள், பல பள்ளிகளில் அந்த நேரத்துக்கென்று பாட்டும் ஒலிக்க விடுகிறார்கள். பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அதை அப்படியே கொண்டு வந்து வைக்க முடியாது, ஏனென்றால் இங்கே துடைப்பம் யார் கையில் போகும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமை ஆசிரியர்கள் கைதான செய்திகளை உங்களைப் போன்ற நாளிதழ்களில்தான் படித்திருக்கிறோம். வீட்டுப்பாடம் எழுதாதவன் வகுப்பைக் கூட்ட வேண்டும் என்று தண்டனையாகக் கொடுக்கிற வழக்கமும் போகவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்தும்கூட. சுத்தம் செய்வதைத் தண்டனை என்று ஒரு முறை காட்டிவிட்டால், பிறகு எத்தனை பாட்டுப் போட்டாலும் அது விளையாட்டாகாது.

அதனால் பள்ளியில் செய்வதென்றால் எல்லோரும் செய்ய வேண்டும், தலைமை ஆசிரியரும் சேர்த்து. தன் மேஜை, தன் வகுப்பு, தான் போட்ட காகிதம், தான் விளையாடிய பந்து, இந்த எல்லையோடு நிற்க வேண்டும். கழிப்பறைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் போடுவது அரசின் கடமை, அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. முறைப்பட்டியல் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பெற்றோர் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டு விஷயம். ஞாயிறு இணைப்பில் சிறுவர் பக்கம் இருக்கிறது, அதில் பிள்ளைகளைத் தங்கள் பொம்மை அலமாரியையோ புத்தகத் தட்டையோ வரைந்து அனுப்பச் சொல்லுங்கள், எது எங்கே, ஏன் அங்கே என்று அவர்களே இரண்டு வரி எழுதட்டும். பரிசு எதுவும் அறிவிக்க வேண்டாம், படத்தைப் போட்டுப் பிள்ளையின் ஊரையும் வகுப்பையும் போட்டாலே போதும், கொலுவைப் பார்க்க நாலு பேர் வந்தது மாதிரிதான் அது. இரண்டாவது, பொம்மைகளை எடுத்து வைப்பது பற்றி வந்த அந்தப் பக்கத்துக்கு நீங்கள் வரைந்திருந்த படத்தில் ஒரு சிறுமி கூட்டுகிறாள், பக்கத்தில் அவள் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த முறை இரண்டு பேர் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாலர் பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.